ஒற்றைப் பெயர்க் கணக்கு

ஞாயிற்றுக்கிழமை

அன்பும் கொஞ்சம் கோபமும் கலந்து உங்களுக்கு எழுதுவது,

நானும் உங்கள் வாயாடி மகளும் நன்றாக இருக்கிறோம். உங்களைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு வழியில்லை. போனில் கேட்டால் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறீர்கள். அடுத்த கேள்வியை நான் வாயில் எடுப்பதற்குள் "சரி, வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது, பாருங்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால் செலவு எவ்வளவு என்று ஸ்டாம்பை உற்றுப் பார்க்காமல் கடைசிவரை படியுங்கள்.

நீங்கள் சொன்னபடி வங்கிக்குப் போனேன். இத்தனை வருடமாகக் கப்பல் பட்டறையில் நெருப்புக்கு முன்னால் குனிந்து வெல்டிங் பண்ணிச் சேர்த்த பணம், பழைய கணக்கில் தூங்குகிறது என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லையாம். எனக்கும்தான் வரவில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்தது சின்னப் பெண். அவளுடைய கோட்டுக் கை விரல் நுனிவரை தொங்குகிறது. அவள் வட்டி விகிதம் சொல்லச் சொல்ல, என் கண் அந்தக் கையை எவ்வளவு மடிக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தது. தொழில் புத்தி எங்கே போகும்!

விஷயத்துக்கு வருகிறேன். அவள் இரண்டு கணக்குகளைக் காட்டினாள். ஒன்று நீங்கள் சொன்ன வரியில்லாச் சேமிப்பு. அதில் வரும் வட்டியை அரசாங்கம் தொடாது. ஆனால் வட்டி குறைவு. வருடத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று வரம்பு வேறு. இன்னொன்று வரியுள்ள சேமிப்பு. அதில் வட்டி அதிகம், ஆனால் வட்டி ஒரு அளவைத் தாண்டினால் தாண்டியதற்கு வரி கட்ட வேண்டும். இந்தக் கூடுதல் வட்டியும் இந்த மாதக் கடைசிக்குள் சேருகிறவர்களுக்குத்தானாம்.

எனக்குத் தலை சுற்றியது. நம்முடைய தொகையைச் சொல்லி, எனக்கு எது நல்லது என்று நீயே சொல்லம்மா என்றேன். அவள் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அக்கா, உங்க பணத்துக்கு வர்ற வட்டி அந்த அளவைத் தாண்டவே தாண்டாது. அப்புறம் எதுக்கு வரியைப் பத்திக் கவலைப்படுறீங்க? அதிக வட்டியே எடுத்துக்குங்க" என்றாள். நான் விடவில்லை. திரும்பவும் ஒருமுறை போட்டுக் காட்டச் சொன்னேன். அதே விடைதான் வந்தது. வரியில்லாக் கணக்கில் போட்டால் நமக்குத்தான் நட்டம்.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. நீங்கள் யார்? நம் மகள் உங்களுக்கு நிதி மந்திரி என்று பெயர் வைத்திருப்பது சும்மாவா? பற்பசைக் குழாயைக் கத்தரிக்கோலால் வெட்டி உள்ளே வழித்தெடுக்கிற மனிதர் நீங்கள். கிலோவுக்குக் கொஞ்சம் குறைகிறது என்று வெயிலில் அடுத்த சந்தைவரை என்னை நடக்க வைத்தவர். கவுன்டர் பெண்ணுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்த கணக்கு உங்களுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தும் "வரியில்லாததுதான், வேற எதுவும் வேண்டாம்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறீர்களே, ஏன்?

இன்னொன்றையும் அவள் சொன்னாள். வரியில்லாக் கணக்கை ஒருவர் பெயரில்தான் திறக்க முடியுமாம். கணவன் மனைவியாக இருந்தாலும் சேர்ந்து திறக்க முடியாது. அதிக வட்டிக் கணக்கில் இரண்டு பேரும் சேரலாம், ஆனால் முதல் தடவை இரண்டு பேரும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நீங்களோ என் பெயரில் மட்டும் போடு என்கிறீர்கள். நான் தையல் மெஷின் வாங்கியபோது அதன் வாரண்டிச் சீட்டில்கூட உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கடைக்காரரோடு வாதாடியவர்தானே நீங்கள்? "ரெண்டு பேர் பேரும் இருக்கணும், அதான் அழகு" என்றீர்கள். அந்த அழகு இப்போது எங்கே போயிற்று?

நம் மகளிடம் கேட்டேன். "அப்பா தப்பாக் கணக்குப் போட்டிருக்காரு, நீ அதிக வட்டியில போடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். இவள் என்னத்தைப் பார்ப்பாள், பரீட்சைப் பாடத்தையே பார்ப்பதில்லை.

கடையில் வேலை குவிந்துகிடக்கிறது. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பேண்ட் நீளமாகிவிட்டது போலிருக்கிறது. மாடிப்படிக்குப் பக்கத்தில் சாவி வெட்டுகிறவர் காலி செய்யப்போகிறாராம். நாம் பேசிவைத்திருந்தோமே, நீங்கள் வந்ததும் நமக்கென்று ஒரு ஆல்டரேஷன் கடை, நான் மெஷினில், நீங்கள் கல்லாவில் என்று. அந்த இடம் அதற்குக் கச்சிதமாக இருக்கும். முன்பெல்லாம் ஒவ்வொரு போனிலும் "நம்ம கடைக்கு இடம் பார்த்தியா" என்று கேட்பீர்கள். இப்போது நீங்கள் கேட்பதே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

எதற்காக என் பெயரில் மட்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அதுவரை படிவத்தில் கைவைக்க மாட்டேன்.

காரணம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத,
உங்கள் தையற்காரி


வியாழக்கிழமை

உங்களுக்கு,

என் கடிதம் ஒருவழியாக வந்து சேர்ந்ததும் நீங்கள் போனில் பேசிய பேச்சை நினைத்தால் இன்னும் மனது ஆறவில்லை. "சொன்னதைச் செய்ய மாட்டியா? எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேட்டா எப்படி?" என்று கத்தினீர்கள். கத்தியதுகூடப் பரவாயில்லை. நடுவில் மூச்சு வாங்கியது. படியேறிக்கொண்டிருக்கிறேன் என்றீர்கள். இந்த வாரம் எல்லாம் நீங்கள் எப்போது பேசினாலும் படியேறிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அங்கே லிஃப்ட் இல்லையா?

சண்டை வேண்டாம் என்று நினைத்து இன்று கடையில் அனுமதி கேட்டுக்கொண்டு மறுபடியும் வங்கிக்குப் போனேன். நீங்கள் ஜெயித்ததாகவே இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதே பெண்தான். வரியில்லாக் கணக்கின் படிவத்தை எடுத்து நிரப்பினேன். அங்கே கவுன்டரில் ஒரு பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறார்கள். நூல் குட்டை. எழுத வேண்டுமானால் பாதி உடம்பு கவுன்டர்மேல் சாய வேண்டும். அப்படிச் சாய்ந்துகொண்டு பெயரெல்லாம் எழுதி முடித்தேன்.

கையெழுத்துப் போடப்போகும்போது அந்தப் பெண் ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்து, "வெளியூர்ல இருக்கிறவங்க சில பேர் இப்படித்தான் கேப்பாங்கக்கா. நட்டம்னு தெரியும். இருந்தாலும் ஒருத்தர் பேர்லயே இருந்துட்டா பின்னாடி வீட்ல இருக்கிறவங்க பேப்பரைத் தூக்கிட்டு அலைய வேண்டாம் பாருங்க" என்றாள்.

பின்னாடி என்றால் எதற்குப் பின்னாடி என்று நான் கேட்கவில்லை.  கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டேன், நாளைக்கு வருகிறேன் என்று பொய் சொல்லி எழுந்தேன். கண்ணாடி என் தலைமேல்தான் இருந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு, என் படிவத்தைத் தனியாக எடுத்து வைத்தாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அந்தப் பெண் எல்லோருக்கும் சொல்கிற மாதிரி பொதுவாகச் சொல்லியிருக்கிறாள், நான்தான் கண்டதையும் நினைத்துக் குழம்புகிறேன் என்று. நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. மறைத்து எழுத ஒன்றுமில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

உங்கள் அறையில் தங்கி கிரேன் ஓட்டும் தம்பி விடுமுறையில் வருகிறாராம், சனிக்கிழமை நம் வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தார். உங்கள் பை ஒன்று கொண்டுவருகிறாராம். ஒரு போட்டோவும் அனுப்பியிருக்கலாம். கடைசியாக நீங்கள் அனுப்பிய படத்தில் ஹெல்மெட்டும் முகக் கவசமும்தான் தெரிகிறது. அது நீங்கள்தான் என்று நம்பி நம் மகள் அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். இதைப் படித்துவிட்டு மறுபடியும் கத்த வேண்டாம், படியேற வேண்டியிருக்கும்.

உங்கள்
தையற்காரி


சனிக்கிழமை

என் உயிருக்கு உயிரானவருக்கு,

இப்படி நான் எழுதிப் பல வருடம் ஆகிவிட்டது. உங்களுக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கிரேன் தம்பி வந்தார். மகளுக்கு ஷூ, எனக்குப் பெரிய கத்தரிக்கோல், அடியில் செய்தித்தாளில் சுற்றி உங்கள் சாம்பல் நிறப் பேண்ட். "ஜிப் போயிடுச்சாம் அண்ணி, அங்க மாத்தக் கூலி ரொம்பக் கேக்குறான்னு உங்ககிட்டயே குடுத்து வாங்கிட்டு வரச் சொன்னார்" என்றார். நானும் சிரித்தேன். கடல் தாண்டி ஒரு பேண்ட்டை ஜிப் மாற்ற அனுப்புகிற நிதி மந்திரி உலகத்தில் வேறு எங்கே கிடைப்பார்!

அவருக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே ஜிப்பைப் பார்க்கலாம் என்று பேண்ட்டை ஜன்னல் பக்கம் பிரித்தேன். 

பின் இடுப்பில் நீங்கள் தையல் போட்டிருந்தீர்கள். கையால், உங்களுக்குத் தெரிந்த விதத்தில், எட்ட எட்டக் கோணல் தையல். அனுப்புவதற்கு முன்னால் நான் பார்த்துவிடக் கூடாது என்று அதைப் பிரித்தும் விட்டீர்கள். நூல் ஒன்றுகூட மிச்சமில்லை, துவைத்து மடித்தும் அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஊசி போன துளை எங்கே போகும்? மடிப்புக்குள் இருந்த துணி வெயில் படாமல் புதிதாக இருக்கிறது, வெளியே இருந்தது வெளுத்துவிட்டது. அந்தக் கோட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நான் பார்க்க மாட்டேனா? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் இடுப்பைப் பிடித்துக் கொடுப்பதும் விட்டுக் கொடுப்பதும்தானே என் பிழைப்பு?

ஒரு கோடு இல்லை. இரண்டு கோடு. முதலில் இரண்டு விரல் அளவு சுருக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அது போதாமல் பிறகு அதற்கும் உள்ளே தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள். இரண்டு பக்கமும் சேர்த்தால் என் உள்ளங்கை முழுக்க அடங்குகிறது. அந்த உள்ளங்கையை எடுத்து என் இடுப்பில் வைத்துப் பார்த்தேன். 

மனைவியிடம் உடம்பை மறைக்க நினைக்கிறவர் தையற்காரியிடம் பேண்ட்டை அனுப்பலாமா? கூலியை மிச்சம் பிடிக்கப்போய் மாட்டிக்கொண்டீர்களே. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

கிரேன் தம்பியைத் திட்டாதீர்கள். அவர் பாவம், டீயைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேண்ட்டை அவர் மடியில் போட்டு, இந்தக் கோடு என்ன தம்பி என்று கேட்டேன். முதலில் அங்கே சாப்பாடு சரியில்லை என்றார். நீங்களும் அதே சாப்பாட்டைத்தானே சாப்பிடுகிறீர்கள் தம்பி, உங்கள் சட்டைப் பித்தான் தெறிக்கப்போகிறதே என்றேன். அதற்குப் பிறகு அவரால் மறைக்க முடியவில்லை. கம்பெனி டாக்டர் படம் எடுத்துப் பார்த்ததையும், நெஞ்சுக்குள் ஏதோ நிழல் தெரிவதையும், உடனே ஊருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு, இப்போதே பார்த்தால் வழியிருக்கிறது, தள்ளிப்போடாதே என்று சொன்னதையும் சொன்னார். அதற்கு நீங்கள் சொன்ன பதிலையும் சொன்னார். "ஒப்பந்தம் முடியட்டும். இப்பப் போனா கடைசியில வர்ற மொத்தப் பணம் போயிடும். இருக்கிறதை அவ பேர்ல போட்டுட்டா எனக்குக் கவலையில்லை" என்றீர்களாமே.

உங்களுக்குக் கவலையில்லையா? நல்ல மனிதர் ஐயா நீங்கள்! கவலையை எல்லாம் மூட்டை கட்டி என் பெயரில் போட்டுவிட்டால் உங்களுக்கு எங்கிருந்து கவலை வரும்?

ஒப்பந்தம் முடியாமல் வந்தால் எவ்வளவு போகும் என்று நீங்கள் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். அதை என்னிடம் சொல்ல வேண்டாம். போகட்டும். அந்தப் பணத்தை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை, அது போனதற்காக நான் அழமாட்டேன். ஆனால் உங்களைப் பார்த்திருக்கிறேனே. கல்லாவில் உட்கார ஆள் இல்லாமல் எனக்கு எதற்குக் கடை? நான் மெஷினையும் மிதித்து, எழுந்து வந்து சில்லறையும் கொடுக்க வேண்டுமா?

இப்போது வங்கி விஷயம். நான் முடிவு செய்துவிட்டேன், கோபப்படாமல் கேளுங்கள். நான் நிரப்பிய அந்த வரியில்லாக் கணக்குப் படிவத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். இன்று மதியம் வங்கி மூடுவதற்குள் ஓடிப்போய்த்தான் இதைச் செய்தேன், கிரேன் தம்பியே வண்டியில் கூட்டிப்போனார். அதிக வட்டிக் கணக்குக்கு நம் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதல் பெயர் உங்களுடையது. என் கையெழுத்தையும் இன்னும் போடவில்லை, சேர்ந்துதான் போட வேண்டும் என்று அந்தப் பெண்ணே எடுத்து வைத்துக்கொண்டாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மாசக் கடைசி வரைக்கும் பத்திரமா வச்சிருக்கேன்கா, சாரைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றாள். அவளுடைய கோட்டை வாங்கி வந்திருக்கிறேன், கையைச் சிறிதாக்கித் தரப்போகிறேன். கூலி கிடையாது. அதற்கும் நீங்கள் முணுமுணுக்கலாம்.

அதுவரை பணம் புதுக் கணக்கு எதிலும் இல்லை. அதே பழைய கணக்கில், ஒன்றுக்கும் உதவாத வட்டியில், சும்மா கிடக்கிறது. நீங்கள் தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் நமக்கு வரவேண்டிய வட்டி வீணாகப் போகிறது. மாதம் முடிந்துவிட்டால் அந்த அதிக வட்டியும் கிடைக்காது. உங்களுக்கு வயிறு எரிகிறதா? நன்றாக எரியட்டும். எனக்கு உங்களை வரவழைக்க வேறு வழி தெரியவில்லை. உடம்பைச் சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டீர்கள், நட்டத்தைச் சொன்னால் ஓடிவருவீர்கள் என்று உங்களோடு குடித்தனம் நடத்திக் கற்றுக்கொண்டேன்.

கணக்கு திறந்ததும் அதில் முதலில் எடுக்கப்போவது உங்கள் வைத்தியத்துக்குத்தான். இப்போதே சொல்லிவிட்டேன். எடுத்தது போக மிச்சம் இருந்தால் கடை. மிச்சம் இல்லாவிட்டால் இருக்கிற கடையிலேயே நான் மிதித்துக்கொண்டிருப்பேன், நீங்கள் வீட்டில் உட்கார்ந்து பற்பசைக் குழாயை வெட்டிக்கொண்டிருங்கள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லவில்லை. அப்பா சீக்கிரம் வருகிறார் என்று மட்டும் சொன்னேன். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டாள். வங்கியில் கையெழுத்துப் போட என்றேன். ஒரு கையெழுத்துக்கா இவ்வளவு தூரம் என்றாள். உன் அப்பா அப்படித்தான் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஜிப் மாற்றிவிட்டேன். நல்ல உறுதியான ஜிப், இனி போகாது. இடுப்பை மட்டும் பிடிக்கவில்லை. ஊசித் துளைகள் மறைய ஈரத்துணி போட்டுத் தேய்த்து, நீங்கள் இங்கிருந்து புறப்பட்டபோது இருந்த அதே அளவில் விட்டிருக்கிறேன். கிரேன் தம்பி திரும்பும்போது கொடுத்து அனுப்பவும் மாட்டேன். அது இங்கேதான், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அந்த இடுப்புக்கு நீங்கள் திரும்ப வந்து சேர வேண்டும். எவ்வளவு நாளானாலும் நான் துணியைக் குறைக்கப்போவதில்லை.

டிக்கெட் போடுங்கள். விலை குறையும் என்று காத்திருக்காதீர்கள், என் தலைமேல் சத்தியம். ஆண்டவன் உங்களைப் பத்திரமாக என்னிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து அந்தக் கவுன்டரில் என் பக்கத்தில் நின்று, நூலில் கட்டிய பேனாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முதலில் யார் போடுவது என்று என்னோடு சண்டை போடுங்கள்.

உங்கள் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதக் காத்திருக்கும்,
தையற்காரி